சாமியிடம் சொன்ன தூக்கம்

ஸ்டீபன்ராஜ் தூங்குகிற அழகைத் திண்டுக்கல்லில் பார்க்காதவர்கள் குறைவு. சிக்னலில் சிவப்பு விழுந்தால் இவனுக்குக் கண் விழுந்துவிடும். பச்சை விழுந்த பிறகு பின்னால் நிற்கிற ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடித்துத்தான் எழுப்ப வேண்டும். மாதா கோயிலில் பங்குச்சாமி பிரசங்கத்துக்கு எழுந்து நின்றாலே போதும், மூன்றாவது வரிசையிலிருந்து குறட்டை கிளம்பிவிடும். பிரியாணிக் கடையில் இலையில் கையை வைத்தபடியே தூங்கியிருக்கிறான், என்னத்தைச் சொல்ல! "மாப்ளைக்கு ராத்திரி அப்படி என்னதான் வேலையோ?" என்று கூட்டாளி சடையாண்டி கேட்பான். கடையே சிரிக்கும். இவனும் சேர்ந்து சிரிப்பான்.

சிரிக்கிற விஷயமா இது? ஸ்கூல் வேன் ஓட்டுகிறவனய்யா அவன்! தினம் காலையில் ரெட்டியார்சத்திரம் பக்கத்து ஊர்களுக்குப் போய், வேன் நிறையப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு பழனி ரோடு வழியாக டவுனுக்கு வருகிறவன். டவுன் எல்லையில் அவன் வீடு. அங்கே கடைசியாக அவன் மகள் பாத்திமா ஏறுவாள். பாத்திமா மாதாவின் பெயரை வைத்து ஆசை ஆசையாக வளர்த்த ஒரே பிள்ளை, எட்டாம் வகுப்பு. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கிற இடம் அவளுக்கென்றே காலியாக இருக்கும். ஆனால் ஆள் நல்லவன், அதையும் சொல்ல வேண்டும். எந்தப் பிள்ளைக்கு எந்தப் பை, எந்தப் பிள்ளைக்கு வேனில் வாந்தி வரும், எல்லாம் அவனுக்கு மனப்பாடம். பெற்றவர்கள் அவனை நம்பினார்கள்.

போன ஆடியில் ஒரு திங்கட்கிழமை. பாட்டி வீட்டில் தங்கியிருந்த பாத்திமா அன்றைக்கு ரெட்டியார்சத்திரத்திலேயே ஏறியிருந்தாள். காற்று ஜன்னல் வழியாகச் சிலுசிலுவென்று அடித்தது. ஸ்டீபன்ராஜ் கண்ணை மூடித் திறந்தான், அவ்வளவுதான். திறக்கும்போது வேன் ரோட்டில் இல்லை. மண்ணில் இறங்கி ஒரு புளியமரத்துக்கு நேராகப் போய்க்கொண்டிருந்தது. பிரேக்கில் ஏறி நின்றான் என்றே சொல்லலாம். மரத்துக்கும் வேனுக்கும் நடுவில் ஒரு ஆள் நுழைய முடியாது, அந்த அளவில் வந்து நின்றது. யூகேஜி படிக்கிற மெர்சிக்கு முன் சீட்டுக் கம்பியில் இடித்து உதட்டில் ரத்தம். மற்ற பிள்ளைகள் ஏதோ விளையாட்டு என்று நினைத்து ஓவென்று கத்திச் சிரித்தன.

"நாய் குறுக்க வந்துருச்சுப்பா," என்றான் ஸ்டீபன்ராஜ். மெர்சியின் அம்மாவிடமும் அதையே சொன்னான். வீட்டுக்கு வந்து மனைவி ரூபியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம், செய்த பாவத்தைச் சாமியிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போனான். அங்கேதான் ஒரு சங்கடம். பங்குச்சாமி ஞானராஜ்தான் பள்ளிக்கூடத்துக்கும் தாளாளர். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் பாவத்தைக் கேட்கிறவரும் அவரே, திங்கட்கிழமை ஆபீஸில் உட்கார்ந்து வேலை கொடுக்கிறவரும் எடுக்கிறவரும் அவரே. இருந்தாலும் ஸ்டீபன்ராஜுக்குப் பயமில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சொன்னது சொன்னதோடு சரி. சாமி கழுத்தில் கத்தியை வைத்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. கேட்டதை வைத்து வெளியே ஒரு துரும்பைக்கூட அசைக்கக் கூடாது. ஞானோபதேச வகுப்புக்குப் போகிற சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். அந்தத் தைரியத்தில் முழங்காலிட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

"முதல்ல தூக்கத்துக்கு வைத்தியம் பாக்குற டாக்டர்கிட்டப் போங்க. அதுக்கு முன்னாடி வண்டியைத் தொடாதீங்க. பள்ளிக்கூடத்துல நீங்களே வந்து சொல்லுங்க," என்றார் சாமி.

மூன்றில் ஒன்றைத்தான் கேட்டான். டாக்டரிடம் போனான், அதுவும் இரண்டு வாரம் இழுத்தடித்துவிட்டு. அதுவரைக்கும் வேனை ஓட்டிக்கொண்டுதான் இருந்தான். காலையில் அவன் பள்ளிக்கூட வாசலுக்கு வரும்போது ஞானராஜ் சாமி கேட்டுக்குப் பக்கத்தில் நிற்பார். கடைசிப் பிள்ளை இறங்குகிற வரைக்கும் நிற்பார், பிறகு உள்ளே போவார். ஒன்றும் சொல்ல மாட்டார், சொல்லவும் முடியாது. பாவம், அந்த மனிதர் பட்ட பாட்டை இவன் எங்கே யோசித்தான்!

பேகம்பூர்க்காரப் பெண் டாக்டர் இஃப்பத், டவுனில் ஒரு மாடியில் தூக்க கிளினிக் வைத்திருந்தாள். 'தூங்குறதுக்கு ஒரு ஆஸ்பத்திரியா' என்று நினைத்துக்கொண்டுதான் ஸ்டீபன்ராஜ் ரூபியோடு படியேறினான். மேலே உட்கார இடமில்லை! ஷிப்ட் மாறி மாறிப் போய்த் தூக்கமே மறந்துபோன மில் பெண் ஒருத்தி. படுத்தால் காலுக்குள் ஏதோ ஊர்கிறது, எழுந்து நடந்தால்தான் அடங்குகிறது என்று தொடையைத் தேய்த்துக்கொண்டு ஒரு பெரியவர். இவனை மாதிரியே கழுத்துப் பெருத்த ஆட்கள் நாலைந்து பேர் சுவரில் சாய்ந்து வரிசையாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள்.

டாக்டர் டேப்பை எடுத்து அவன் கழுத்தை அளந்தாள். "சட்டை தைக்கப் போறீங்களா டாக்டரம்மா?" என்று கேட்டுப் பார்த்தான். அவள் சிரித்துக்கொண்டே வாயைத் திறக்கச் சொல்லித் தொண்டையைப் பார்த்தாள். பிறகு கேள்விகள். டிவி பார்க்கும்போது கண் அசருமா? சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால்? வண்டி சிக்னலில் நிற்கும்போது? எல்லாவற்றுக்கும் "சேச்சே, அதெல்லாம் இல்லீங்க" என்று ஒரே பதில்.

"வெளிய இருங்க. உங்க வீட்டம்மாவைக் கூப்பிடுங்க," என்றாள் இஃப்பத். "பக்கத்துல படுக்குறவங்க சொல்றதை வச்சுத்தான் நான் முக்காவாசி வைத்தியம் பாக்குறேன். தூங்குறவருக்குத் தன் தூக்கத்தைப் பத்தி என்ன தெரியும்?"

ரூபி உள்ளே போனவள் ரொம்ப நேரம் வரவில்லை. வரும்போது கண் சிவந்திருந்தது. "என்னடி சொன்ன?" என்று கேட்டான். "குறட்டையைத்தான் சொன்னேன்," என்றாள்.

ஒரு ராத்திரி அங்கேயே படுக்கவைத்து, தலையிலும் நெஞ்சிலும் காலிலும் ஒயரை ஒட்டி, விரலில் கிளிப் மாட்டிப் பார்த்தார்கள். முடிவைச் சொல்லும்போது டாக்டர் சிரிக்கவில்லை.

"நீங்க அதிகமாத் தூங்குறீங்கன்னு எல்லாரும் கேலி பண்றாங்கல்ல? நீங்க தூங்குறதே இல்ல. கண்ணு அசந்ததும் தொண்டை மூடிக்குது, மூச்சு நின்னுபோகுது. மூளை பதறிப்போய் உங்களை உசுப்பி விடுது. ராத்திரி பூரா இதே கதைதான். அப்புறம் பகல்ல கண்ணு சொக்காம என்ன செய்யும்?"

ஸ்டீபன்ராஜுக்குத் தூக்கிவாரிப்போட்டது. வைத்தியம் என்று மூக்கில் மாட்டுகிற மாஸ்க் ஒன்றும் சின்ன மெஷின் ஒன்றும் கொடுத்தார்கள். ராத்திரி பூரா அது காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கும், தொண்டை மூடாது. எடையைக் குறைக்க வேண்டும், மல்லாந்து படுக்கக் கூடாது, தண்ணி அடிக்கவே கூடாது. "ஒரு மாசம் இதை மாட்டித் தூங்கிட்டு வாங்க. பாத்துட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் ஸ்டியரிங்ல கை வைக்கக் கூடாது," என்றாள் கண்டிப்பாக.

பள்ளிக்கூடத்தில் மூலத்துக்கு ஆபரேஷன் என்று சொல்லி லீவு போட்டான். அந்த வியாதியைச் சொன்னால் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள், அதில் கெட்டிக்காரன்! முதல் நாலைந்து நாள் மாஸ்க்கைப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தான். ரூபி பொறுமையாக எடுத்து மாட்டிவிட்டாள். அப்புறம் ஒரு நாள் விடிந்தபோது எழுந்து உட்கார்ந்தவன், அப்படியே உட்கார்ந்திருந்தான். தலை கனக்கவில்லை, நாக்கு வறளவில்லை. பத்து வருஷமாகத் தூக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தது தூக்கமே இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அழுகை வந்துவிட்டது மனுஷனுக்கு.

இரண்டு வாரத்தில் லீவு தீர்ந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

"டாக்டரம்மா ஒரு மாசம்னு சொன்னாங்களே," என்றாள் ரூபி.

"எனக்கு என்னடி? புதுசாப் பொறந்த மாதிரி இருக்கு. போறேன்."

வேனை எடுத்த மூன்றாம் நாள் ஆபீஸிலிருந்து கூப்பிட்டார்கள். தலைமையாசிரியை கிளாரா சிஸ்டர் நாற்காலியில் இருந்தார். பக்கத்தில் ஞானராஜ் சாமி.

"தோத்திரம் சாமி," என்றான். சாமி தலையை மட்டும் அசைத்தார்.

சிஸ்டர்தான் பேசினார். "ஸ்டீபன், ஆடி மாசம் வண்டி மண்ணுல இறங்குச்சே, நாய் வந்துச்சுன்னு சொன்னீங்க. நீங்க தூங்கிட்டீங்களாமே?"

ஸ்டீபன்ராஜ் திரும்பிச் சாமியைப் பார்த்தான். சாமி மேஜைக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யார் சொன்னது சிஸ்டர்?"

"யார் சொன்னா என்ன? உண்மையா பொய்யா?"

அவன் சாவியை மேஜையில் வைத்தான். "சாமி, நீங்களா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டான். சாமியின் முகம் வெளிறிப்போனது. ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அது போதும் என்று ஸ்டீபன்ராஜ் வெளியே வந்துவிட்டான்.

உலகத்தில் ஒரே ஒரு காதில்தான் அவன் அதைப் போட்டிருந்தான். அந்தக் காதும் காட்டிக் கொடுத்துவிட்டால் மனுஷன் வேறு எங்கே போவது? வேலை போனதைவிட இதுதான் அவன் நெஞ்சை அறுத்தது. டீக்கடையில் சடையாண்டியிடம் கத்தினான். "ஏலே, முழங்கால் போட்டுச் சொன்னதைக் கொண்டுபோய் ஆபீஸ்ல வித்துட்டாருடா! இனிமே எவனாவது அந்த ஆளுகிட்டப் பாவத்தைச் சொல்லுவானா?"

டீக்கடையில் கத்தினால் பங்கு முழுக்கக் கத்தின மாதிரிதானே. அடுத்த சனிக்கிழமை பாவசங்கீர்த்தன வரிசை பாதியாகக் குறைந்தது. அதற்கடுத்த வாரம் பெண்கள் பஸ் ஏறி வேறு கோயிலுக்குப் போனார்கள். சாமி செத்த நேரம் தனியாக உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போவதைப் பார்த்ததாகச் சொன்னார்கள். எதிரே வந்தால் ஸ்டீபன்ராஜ் காறித் துப்பாத குறைதான். சாமி அப்போதும் ஒரு வார்த்தை பேசவில்லை. 'நான் சொல்லலை' என்று சொன்னாலே, அவன் அங்கே சொன்னது உண்மை என்று ஆகிவிடுமே! கோபத்தில் இருக்கிறவனுக்கு இதெல்லாம் உறைக்குமா? பேசாமல் இருப்பதே குற்றத்துக்குச் சாட்சி என்று நினைத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டான். "பிஷப்பைப் பாக்கப் போறேன். சாமியா அவரு? அங்கியைக் கழட்ட வைக்காம விடமாட்டேன்."

ரூபி அடுப்பங்கரையிலிருந்து ஓடிவந்து வாசலை மறித்து நின்றாள். "ஏங்க, நில்லுங்க. சாமி மேல பழி போடாதீங்க. அவரு சொல்லல."

"பின்ன யாரு? அந்தப் புளியமரம் நடந்து வந்து சொல்லுச்சா?"

"நான்தாங்க சொன்னேன். கிளாரா சிஸ்டர்கிட்ட நான்தான் போய்ச் சொன்னேன்."

ஸ்டீபன்ராஜ் பேயறைந்த மாதிரி நின்றான். "உனக்கு எப்பிடித் தெரியும்?"

அவள் உள்ளே திரும்பிப் பார்த்தாள். கதவுக்குப் பக்கத்தில் பாத்திமா நின்றுகொண்டிருந்தாள்.

"கண்ணாடியில பாத்தேம்ப்பா," என்றாள் பாத்திமா. "உங்க கண்ணு மூடியிருந்துச்சு. அப்பா, அப்பான்னு கூப்பிட்டேன். உங்களுக்குக் கேக்கல. நாய் வரவே இல்லப்பா."

ஸ்டீபன்ராஜ் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டே நின்றான். அப்புறம்தான் அவனுக்குப் பொறி தட்டியது. அந்தத் திங்கட்கிழமைக்கு மறுநாளிலிருந்து பாத்திமா வேனில் வரவில்லை. காலையில் சீக்கிரமே ஸ்பெஷல் கிளாஸ் வைக்கிறார்கள், டவுன் பஸ்ஸில் போகட்டும் என்று ரூபி சொன்னாள். அவனும் சரி என்றான்.

"ஸ்பெஷல் கிளாஸ்னு சொன்னது?"

"அப்படி ஒண்ணும் இல்லீங்க."

"அடிப்பாவி!" என்றான். குரல் உடைந்தது. "உன் பிள்ளையை மட்டும் பத்திரமா இறக்கிட்ட. ஊரான் பிள்ளைக அம்புட்டையும் எங்கூட அனுப்பிட்டு, தினம் வாசல்ல நின்னு எனக்கு டிபன்பாக்ஸ் எடுத்துக் குடுத்த. என்னையும் சேத்துத்தானடி அனுப்புன? நான் செத்தாச் சாகட்டும்னுதானே?"

"அப்படிச் சொல்லாதீங்க!" ரூபி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "வெளிய சொன்னா உங்க வேலை போயிரும்னு பயந்தேன். உங்ககிட்டக் கேட்டா நாய் வந்துச்சுன்னு என்கிட்டயும் பொய் சொல்லுவீங்கன்னு பயந்தேன். தினம் நீங்க வந்து சேருற வரைக்கும் என் உசுரு என்கிட்ட இல்ல. டாக்டரம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லி அழுதேன். லீவு போட்டீங்க, தப்பிச்சோம்னு இருந்தேன். நீங்க திரும்பவும் சாவியை எடுத்துட்டுக் கிளம்பிட்டீங்க. நான் என்ன செய்ய?"

"என்கிட்டச் சொல்லியிருக்கணும்!"

"நீங்க சொன்னீங்களா? சாமிகிட்டச் சொல்ல வாய் வந்துச்சு. பதினஞ்சு வருசமாப் பக்கத்துல படுத்திருக்கேன், என்கிட்டச் சொல்ல வரலையே!"

அவள் சிஸ்டரிடம் சொன்னது சரிதான் என்று அவனுக்கே தெரிந்தது. தெரிந்து என்ன? கூடவே இருந்து குழி பறித்த மாதிரிதான் வலித்தது. தாயும் மகளுமாகத் தன் பின்னால் கூடிக் கூடிப் பேசியிருக்கிறார்கள், இவன் ஒன்றும் தெரியாத மடையனாக வேனைத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறான். அன்றைக்கு வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

சாயங்காலம் பங்குச்சாமி வீட்டுக்குப் போனான். "சாமி, நான் உங்களை ரொம்பத் தப்பா..." என்று ஆரம்பித்தான்.

"எதைப் பத்திப் பேசுறீங்க ஸ்டீபன்? எனக்கு ஒண்ணும் தெரியாதே," என்றார் ஞானராஜ் சாமி. பிறகு எழுந்து கோயிலுக்குள் போய், கம்பி வலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். ஸ்டீபன்ராஜ் இந்தப் பக்கம் முழங்காலிட்டான். அங்கே என்ன பேசினார்கள் என்பது நமக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. மறுநாள் டீக்கடையில் எல்லார் முன்னாலும், சாமி யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை, நான்தான் வாய்க்கொழுப்பில் பேசிவிட்டேன் என்று சொன்னான். அதற்கும் சிரித்தார்கள்.

மாஸ்க்கை அவன் ஒரு ராத்திரிகூட விடவில்லை. தைப் பொங்கல் கழிந்து இஃப்பத் அவனை மங்கலான ஓர் அறையில் சும்மா உட்காரவைத்தாள். பேச ஆளில்லை, பார்க்க ஒன்றுமில்லை. தூங்குகிறவன் கட்டாயம் தூங்கிவிடுவான். பகல் பூரா விட்டு விட்டு உட்காரவைத்தும் ஸ்டீபன்ராஜ் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டிருந்தான். "இனிமே தாராளமா ஓட்டுங்க," என்றாள் டாக்டர்.

பள்ளிக்கூடத்தில் பெற்றவர்களைக் கூப்பிட்டுப் பேசினார்கள். இவனுக்கு வேலையைத் திரும்பக் கொடுக்கலாமா என்று ஆளாளுக்குத் தயங்கினார்கள். "மத்த டிரைவர்களுக்கு இந்த வியாதி இருக்கா இல்லையான்னு நமக்குத் தெரியாது. இவருக்கு வைத்தியம் பாத்தாச்சு, அது தெரியும்," என்றார் தாளாளர் ஞானராஜ். சாவியை எடுத்து ஸ்டீபன்ராஜின் கையில் அவரே கொடுத்தார்.

முதல் நாள் காலை. ரெட்டியார்சத்திரம் பக்கம் ஒவ்வொரு ஊராக வேன் நின்றது. தாய்மார்கள் அவன் முகத்தை ஒரு கணம் பார்த்தார்கள், பிறகு பிள்ளையை ஏற்றிவிட்டார்கள். மெர்சியின் அம்மாவே, "பாத்துப் போங்கண்ணே," என்று சொல்லி மெர்சியைத் தூக்கி உள்ளே விட்டாள். ஊர் தன்னை மன்னித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான். சந்தோஷமாகவே டவுன் எல்லைக்கு வந்தான்.

வீட்டு முனையில் ரூபியும் பாத்திமாவும் நின்றார்கள். வேனை நிறுத்திக் கதவைத் திறந்தான். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் அந்த இடம் காலியாக இருந்தது.

"ஏறும்மா," என்றான்.

பாத்திமா பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அம்மாவைப் பார்த்தாள். ரூபி தலையைக் குனிந்துகொண்டாள். ஏறு என்றும் சொல்லவில்லை, ஏறாதே என்றும் சொல்லவில்லை.

"இல்லப்பா," என்றாள் பாத்திமா. "நான் பஸ்ல வாரேன்."

ஸ்டீபன்ராஜ் கதவைச் சாத்தினான், வேனை எடுத்தான். கொஞ்ச தூரம் போனதும் கண் முழுக்கத் தண்ணீர் கட்டி ரோடே தெரியவில்லை. பிள்ளைகள் இருக்கிறார்களே என்று ஓரமாக நிறுத்தினான். துடைக்கத் துடைக்க நிற்காமல் வந்தது. பிள்ளைகள் பார்த்துவிடக் கூடாதென்று ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

பின்னாலிருந்து மெர்சியின் குரல் கேட்டது.

"ஏய், எல்லாரும் இறங்குங்கடி! டிரைவர் அங்கிள் தூங்கிட்டாரு!"